சிலுவைக்குத் தைத்த சட்டை

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அது எப்போதுமே குடும்பத்தோடு ஒத்துப்போகாத கால். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை உன் வீட்டுக்காரன் பாவசங்கீர்த்தனம் செய்ததை ஒட்டுக்கேட்டேன். திட்டாதே. நீதானே எழுதியிருந்தாய்: 'அவர் குடியை விட்டுவிட்டாராம், மறுபடி சேர்ந்து வாழலாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார், நீங்கள் அதே ஊரில் இருக்கிறீர்கள், பக்கத்திலிருந்து பார்த்து உள்ளதை எழுதுங்கள்' என்று. சாமியார் உட்கார்ந்து பாவங்களைக் கேட்கிற அந்த மரக்கூண்டைவிடப் பக்கமான இடம் வேறு எது?

தூணுக்குப் பின்னால் மண்டி போட்டு, சட்டைப் பொத்தான் விழுந்துவிட்ட மாதிரி தரையைத் தடவிக்கொண்டே காதை நீட்டினேன். ஒரு பாவமும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. சாமியார் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தங்கச்சி, என் பாவங்களுக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. கொட்டாவி விட்டிருக்கிறார்.

வெளியே வந்தவன் முகத்தில் அப்போதுதான் தலைக்குக் குளித்த களை. நேராக என்னிடம் வந்து, "என்ன மச்சான், எதையோ தேடுறீங்க போல. நானும் தேடட்டா?" என்று பக்கத்தில் மண்டி போட்டுவிட்டான். விழாத பொத்தானை இருவரும் கொஞ்ச நேரம் தேடினோம். கடைசியில் அவன் ஒரு வெள்ளைப் பொத்தானைக் கண்டுபிடித்து என் கையில் கொடுத்தும்விட்டான். நன்றி சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இதைப் போனில் சொல்ல முடியாததால் கடிதம். நம் வீட்டுப் போன் உன் அண்ணியின் கைக்குள் இருக்கிறது. நான் பேசுவதும் அவள் காதுக்குள்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை அவள் பேசும்போது நீ எதையும் காட்டிக்கொள்ளாதே. விசாரணை தொடர்கிறது.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சியின் வணக்கம். நானும் பாப்பாவும் சுகம். மருத்துவமனைத் துணி அறையில் புதிதாக ஒரு இஸ்திரி உருளை வந்திருக்கிறது. படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் அப்பளமாக வருகிறது. கூடவே என் சுண்டுவிரலும் போய் வந்தது. கொப்புளம்தான், பயப்படாதீர்கள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அவர் குடிக்கிறாரா என்று கேட்டேன். சாமியார் எதற்குச் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவர் சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்ததா என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. அவரை 'அவன்' என்று எழுதாதீர்கள். திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.

அண்ணியிடம் கேட்டால், "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீயே வந்து பாரு" என்கிறார். ஏப்ரலில் பாப்பாவுக்கு விடுமுறை. ஈஸ்டருக்கு வந்து நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு அவர் தள்ளாடிக்கொண்டு நின்றால் என்னால் தாங்க முடியாது. முன்பு ஒருநாள் அவர் எங்கோ குடித்துக் கிடக்க, பள்ளிக்கூட வாசலில் இருட்டும் வரை நின்றவள் அவள். இன்றைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்ப்பதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு தானே நடந்து வந்துவிடுகிறாள்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் டிக்கெட் போடுவேன்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கச்சி


பிப்ரவரி 8

அன்புத் தங்கச்சிக்கு,

விரல் ஆறியதா? இங்கே எல்லோரும் சுகம். சிலர் தேவைக்கு அதிகமாகவே சுகம்.

உன் வீட்டுக்காரர் (பார், மரியாதையோடு எழுதிவிட்டேன்) இப்போது கோயில் முழுவதற்கும் சும்மாவே வெள்ளையடிக்கிறார். பெயிண்டர் என்றால் வாளியும் ஏணியுமாக ஒரு மூலையில் வேலை பார்க்க வேண்டும். இவர் ஏணி மேல் நின்றுகொண்டு போகிற வருகிற எல்லோரையும் விசாரிக்கிறார். கிழவிகளெல்லாம் ஏணிக்குக் கீழே கூட்டம். "எவ்வளவு மாறிட்டாரு பாத்தீங்களா" என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். நான் மாறவில்லையே என்பதுதான் என் குறை. முதலிலிருந்தே ஒழுங்காக இருந்தவனைப் பார்த்து எவ்வளவு மாறிவிட்டீர்கள் என்று யார் சொல்லப்போகிறார்கள்? கொஞ்ச நாள் குடித்துப் பார்த்திருக்கலாம். இப்போது வயிறு ஒத்துக்கொள்ளாது.

உன் அண்ணி மத்தியானம் அவருக்கு டிபன் பாக்ஸில் சாப்பாடு அனுப்புகிறாள். நாலு அடுக்கு. எனக்கு மூன்றுதான்.

போன ஞாயிறு பிரசங்கம் சிலுவையைப் பற்றி. நெட்டு மரம் ஆண்டவருக்கும் நமக்கும் நடுவில் உள்ள உறவாம். குறுக்கு மரம் நமக்கும் பக்கத்தில் இருக்கிறவனுக்கும் நடுவில் உள்ள உறவாம். இரண்டும் சேருகிற இடத்தில்தான் மீட்பு தொங்குகிறதாம். எனக்கு நெட்டு மரத்தில் தகராறே இல்லை. பக்கத்தில் இருக்கிறவர்களோடுதான் சிக்கல்.

பிறகு சாமியார், ஆண்டவருக்கு இரண்டு பக்கமும் தொங்கிய கள்ளர்களுக்கு வந்தார். இருவரும் ஆண்டவருக்கு ஒரே தூரத்தில்தான் இருந்தார்கள் என்றார். ஒருவன் கடைசி நேரத்தில் 'என்னை நினைத்துக்கொள்ளும்' என்று கேட்டான், அன்றைக்கே சொர்க்கத்துக்குள் போய்விட்டான். மீட்பு என்பது கூலி இல்லை, கொடை என்றார். தங்கச்சி, அந்தக் கள்ளன் ஒருநாள் காலைப் பூசைக்கு வந்திருப்பானா? பாடற்குழுவில் தொண்டை கட்டப் பாடியிருப்பானா? கோயிலுக்கு ஒரு பொத்தானாவது தைத்துக் கொடுத்திருப்பானா? எல்லோருக்கும் முந்தி அவன்! இதைச் சொல்லும்போது சாமியார் ஏணிப் பக்கம் பார்த்தார். கூலிக்குத் தைக்கிறவன் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

பரவாயில்லை. எனக்கென்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் எடுக்க முடியாது. பெரிய வெள்ளிக்கு முன்னால் பீடத்துப் பெரிய சிலுவையை ஊதாத் துணியால் மூடுவோமே, அந்தச் சட்டை இந்த வருஷமும் என் கையால்தான். தைப்பதும் நான், ஏறிப் போடுவதும் நான். வெள்ளிக்கிழமை சாமியார் பாடப் பாட, முதலில் தலை, பிறகு வலக்கை, பிறகு முழுதும் என்று மூன்று தடவையாக அவிழ்ப்பதும் நான்தான். கோயிலே மண்டி போடும்போது எழுந்து நிற்கிறவன் நான் ஒருவன்தான். அது சிலுவைக்குத்தான் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மேலே நிற்கும்போது கொஞ்சம் நமக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றும்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். விரல் ஆறிவிட்டது. பாப்பாவுக்கு ஜலதோஷம், மற்றபடி சுகம்.

உங்கள் கள்ளன் நியாயத்தைப் படித்துச் சிரித்தேன். எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்து பாருங்கள். காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிட்டு, இப்போதுதான் ரத்தத்தோடு வந்தவனை உள்ளே கொண்டுபோவார்கள். உட்கார்ந்திருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். நர்ஸ் ஒன்றுதான் சொல்வாள்: "உங்களை முதல்ல கூப்பிடலைன்னா சந்தோஷப்படுங்க."

நாலு அடுக்கில் கடைசி அடுக்கில் என்ன இருந்தது என்றும் பார்த்திருப்பீர்கள். அவர் வாயில் வாடை இருந்ததா என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரே வரி போதும் அண்ணா. குடிக்கிறாரா, இல்லையா? பாப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனசு கேட்காமல் இரண்டு டிக்கெட் போட்டு வைத்துவிட்டேன்.

தங்கச்சி


மார்ச் 1

தங்கச்சிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நேற்றுப் பாடற்குழு ஒத்திகையில் சாமியார் ஒரு அறிவிப்புச் செய்தார். இந்த வருஷம் பெரிய வெள்ளியன்று சிலுவையின் திரையை அவிழ்க்கப் போவது உன் வீட்டுக்காரராம். மனம் திரும்பி வந்த ஒருவர் கையால் அது நடந்தால் சிலுவையின் பொருள் எல்லோருக்கும் விளங்குமாம். என்னைப் பார்த்து, "டெய்லர் அண்ணனுக்கும் முழங்கால் வலி, ஓய்வு கிடைச்ச மாதிரி இருக்கும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கைதான் அதிகச் சத்தம்.

சட்டை தைப்பது மட்டும் நானாம். மாப்பிள்ளைக் கோட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிற வேலை.

இதற்கும் நான் இனி எழுதப்போவதற்கும் சம்பந்தமில்லை.

நீ ஒரு வரி கேட்டாய். புதன்கிழமை சாயங்காலம் லைனிங் துணி வாங்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தேன். அந்த மதுக்கடையின் பக்கவாட்டு வாசலிலிருந்து உன் வீட்டுக்காரர் வெளியே வந்தார். கையில் பை. பைக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

நான் பார்த்ததை எழுதுகிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. முடிவு உன்னுடையது.

பாப்பாவின் ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கச் சொல்.

அண்ணன்


மார்ச் 17

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்தானே? என் கடிதம் கிடைத்ததா? நீ இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சலா?

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. சிலுவைச் சட்டைக்கு இந்த வருஷம் கொஞ்சம் கனமான துணி எடுத்தேன். உன் அண்ணி என்னைப் பார்த்து, "என்ன, தச்சுக்கிட்டே பல்லைக் கடிக்கிறீங்க" என்றாள். ஊசி வாயில் இருக்கிறது என்றேன்.

போன கடிதத்தில் நான் பார்த்ததைத்தான் எழுதினேன். பார்ப்பது எல்லாமே முழுசாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. சாயங்கால வெளிச்சம். என் கண்ணாடியும் பழசு. அதற்காக நான் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

ஒரு வரி எழுது.

அண்ணன்


மார்ச் 23

அண்ணாவுக்கு,

சுகம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பாப்பாவிடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். எதற்கு லீவு என்று அவள் கேட்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, நான் சொல்லாமலேயே அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. புதுச் செருப்பை எடுத்துப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டாள்.

அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னியுங்கள். இனி அவரைப் பற்றி யாரிடமும் கேட்க மாட்டேன்.

தங்கச்சி


ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு

என் அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் மண்டி போட்டு எழுதுவதாக வைத்துக்கொள். உண்மையில் மண்டி போட முடியவில்லை. ஏன் என்று பின்னால் வருகிறது. உங்கள் இருவருக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாவதாக. முக்கியமாக என் மேல் உண்டாவதாக.

பாட்டில் விஷயம் முதலில். அவை காலிப் பாட்டில்கள். தின்னர் ஊற்றி வைக்க, தூரிகை ஊற வைக்க, அந்தக் கடையில் கேட்டு வாங்கி வருவார். கோயில் குழாயடியில் அவற்றைக் கழுவுவதை நான் அதற்கு முன்னால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். 'ஒரு வார்த்தை சேர்க்கவில்லை' என்று எழுதினேன். சரிதான், சேர்க்கவில்லை. விட்டதுதான் பாவம். அவர் ஒரு சொட்டுத் தொடுவதில்லை, தங்கச்சி. இது நீ கேட்ட ஒரு வரி. நேரத்துக்கு எழுதியிருந்தால் பாப்பாவின் செருப்பு இப்போது இந்த ஊர்த் தரையில் நடந்திருக்கும்.

இரண்டாவது பாவம் இதைவிடக் கேவலம், ஆனால் கேட்க நன்றாக இருக்கும்.

சிலுவைக்குச் சட்டை போட்ட சனிக்கிழமை நான் தனியாகத்தான் ஏறினேன். தலைப்பக்கம் எப்போதும் போல உருவு முடிச்சு. கீழேயும் அப்படியே. வலக்கைப் பக்கம் மட்டும், பின்புறமாக, கீழே நிற்கிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில், முடிச்சுக்குப் பதிலாகத் தையல் போட்டேன். தோல் பை தைக்கிற மெழுகு நூல், இரட்டை இழை. என் கணக்கு இதுதான்: உன் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் ஏறுவார், இழுப்பார், வராது, முழிப்பார். சாமியார் என்னைத் தேடுவார். நான் முழங்காலைத் தடவிக்கொண்டு மெதுவாக எழுந்து... மீதியை நீயே ஊகித்துக்கொள். வெட்டு மேசையில் அந்தக் காட்சியைப் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். உன் சின்னக் கடிதம் வந்த பிறகு ஓட்டம் நின்றது. ஆனால் போய்த் தையலைப் பிரிக்கவில்லை. பிரித்திருக்கலாம். போகவில்லை.

வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு முன்னால் பொருள் வைக்கும் அறையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். உன் வீட்டுக்காரர் சாமியாரிடம் போய்க் கை கட்டிக்கொண்டு சொன்னார்: "சாமி, இத்தனை வருஷமா மச்சான் பண்ண வேலை. அவரே ஏறட்டும். நான் ஏணியப் பிடிச்சுக்கறேன்." சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்தார். எனக்கு முழங்கால் வலி என்றேன். சட்டை போட ஏறிய கால் அவிழ்க்க ஏறாதா என்றார். மணியடிக்கிற கோயில்பிள்ளை என் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறை.

ஏறினேன். சாமியார் 'சிலுவை மரத்தைப் பாருங்கள்' என்று பாடினார். தலைப்பக்கம் உருவினேன். துணி விழுந்தது. ஜனம் மண்டி போட்டு எழுந்தது. இரண்டாம் தடவை, கொஞ்சம் மேல் சுருதியில் பாடினார். வலக்கைப் பக்கம் நான் இழுத்தேன். சிலுவையே என்னோடு வந்துவிடும் போல் இருந்தது, துணி வரவில்லை. ஜனம் பழக்கத்தில் மண்டி போட்டது. துணி விழாததைப் பார்த்து எழுந்தது. சாமியார் மறுபடி பாடினார். ஜனம் மறுபடி மண்டி போட்டது. கிழவிகள் பாதியில் நின்றுவிட்டார்கள். எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. நான் சிலுவையின் குறுக்கு மரத்தைக் கட்டிப் பிடித்து, என் நூலை என் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். நல்ல நூல் தங்கச்சி. விலைக்கேற்ற நூல். அந்த நேரம் பிரசங்கம் நினைவுக்கு வந்தது. போயும் போயும் பக்கத்தில் இருக்கிறவனுக்கு உரிய குறுக்கு மரத்தைத்தானே நான் தைத்துப் போட்டேன்.

சிலுவைக்கு மறுபக்கம் ஏதோ சத்தம். பார்த்தால் இன்னொரு ஏணி. வெள்ளையடிக்கிற ஏணியைச் சுவரில் சாய்த்து உன் வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார். நடுவில் ஆண்டவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கோயில் முழுக்க எங்களைப் பார்த்தது. எந்தக் கள்ளன் எந்தப் பக்கம் என்று அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். தப்பான முடிவு.

"கீழ பாக்காதீங்க மச்சான். தையல மட்டும் விரல்ல தூக்கிக் காட்டுங்க," என்றார்.

"மாப்பிள்ளை, இது நான் போட்ட தையல்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"உங்க கை எனக்குத் தெரியாதா," என்றார்.

அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரியை எடுத்தார். சிலுவையின் பின்னால் கையை நீட்டி, நான் தூக்கிக் காட்டக் காட்ட ஒவ்வொரு தையலாக வெட்டினார். துணி விழுந்தது. பெயிண்டர் பையில் அந்த நேரம் கத்தரி எப்படி வந்தது? நான் கேட்கவில்லை. அற்புதத்தைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. என்னைத் தோளில் தாங்கிக்கொண்டு போனதும் அவர்தான்.

நேற்றுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இரண்டு பாவத்தையும் சொன்னேன். தங்கச்சி, சாமியார் சிரித்தார். கூண்டு ஆடியது. எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு. பாட்டில் விஷயத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பரிகாரம் என்ன கொடுத்தார் தெரியுமா? இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை மாறியிருக்கிறாரா என்று கேட்டாயே. அவர் மனிதரே இல்லை, புனிதர். தனக்குக் கிடைத்த மரியாதையை எனக்கு விட்டுக்கொடுத்தார். என் துரோகத்தை ஒரு கேள்வி கேட்காமல் வெட்டி எறிந்தார். நான் பொறாமைப்படுவதை விட்டுவிட்டேன். புனிதர்கள் மேல் யாரும் பொறாமைப்படுவதில்லை. நீ எப்போது வேண்டுமானாலும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. டிக்கெட் செலவு என்னுடையது.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
அண்ணன்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நானும் பாப்பாவும் சுகம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

பாட்டில் விஷயத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். இன்னும் கை வரவில்லை. வரும். அவசரப்படுத்தாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பாப்பாவிடம் அப்படியே சொன்னேன். மாமா பல்லால் கடித்ததை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

அவர் புனிதராகிவிட்டார் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை அண்ணா. பயம்தான் வந்தது. நான் கட்டிக்கொண்டது புனிதரை இல்லை. இல்லாத பொத்தானைத் தேடுகிறவனுக்குத் தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, திரும்பிக்கொண்டு சிரிக்கிற ஆளை. குடி அந்த ஆளைத் தின்றுவிட்டது என்றுதான் வெளியே வந்தேன். அந்த ஆள் போய், எல்லோருக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டு கை கட்டி நிற்கிற ஒருவர் அந்த இடத்தில் இருந்தால், அவரோடு எனக்கு என்ன பேச்சு இருக்கும்? இதையே யோசித்துக்கொண்டு உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தேன்.

போன ஞாயிறு அண்ணி போனில் பேசினார். வழக்கம் போல ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்து, நான் கீழே எழுதியிருக்கும் ஒன்றை மட்டும் சொன்னார். போனை வைத்ததும் டிக்கெட் போட்டேன். இந்த மாதக் கடைசியில் வருகிறோம். பாப்பா செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, வாசலில் வைத்திருக்கிறாள்.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், பீடத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சிலுவைக்குப் பின்னால் ஏணி போட்டு ஏறியவர், இறங்கி நேராக உங்கள் வீட்டுக்கு வந்தாராம். அண்ணியின் சின்னக் கத்தரியைக் கேட்டாராம். எதற்கு என்று அண்ணி கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமை மச்சானுக்குத் தேவைப்படும்" என்றாராம்.

தங்கச்சி